ஈரத்துணிக்குள் நின்றவர்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்க நினைத்தோம். நான் கரித்துண்டால் வரைபவள். இன்னொருவர் களிமண்ணில் சிலை செய்பவர். மூன்றாமவர் புகைப்படக்காரர். மூவருக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டது ஆண் உடம்பு. நடுவயது ஆண் ஒருவர் எப்படி நிற்கிறார், எதை மறைக்கிறார் என்று தான் நிதானமாகப் பார்த்ததே இல்லை என்று சிற்பி சொன்னார். எனக்கும் அப்படித்தான். என் அப்பாவைச் சட்டை இல்லாமல் நான் பார்த்ததே, சவப்பெட்டியில் வைக்க அவருக்கு உடை மாற்றியபோதுதான்.

கருவடிக்குப்பத்தில் சிற்பி ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. டீக்கடையில் பழக்கமான மீனவர் ஒருவரைச் சிற்பி அழைத்து வந்தார். நாற்பதைத் தாண்டியவர், படகில் மற்றவர்களுக்கு மூத்தவர்.

"நிக்கணும், அவ்ளோதான? கரையில சும்மா நிக்கறத இங்க வந்து நிக்கறேன்" என்றார்.

முதலில் புகைப்படம். சட்டையைக் கழற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்து, மார்பை நிமிர்த்தி, கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இயல்பா நில்லுங்கண்ணே" என்றார் புகைப்படக்காரர்.

"இதான் இயல்பு" என்றார், மூச்சை விடாமல். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

என் முறை வந்தபோது கூச்சப்பட்டார். "அக்கா இருக்காங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அதனால் நான் அவருடைய முதுகை மட்டுமே வரைந்தேன். வலது தோள் இடதைவிட நன்றாக இறங்கியிருந்தது.

களிமண் வேலைதான் அதிக நாள் பிடித்தது. தலையிலிருந்து இடுப்பு வரை ஆளளவுச் சிலை. உள்ளே இரும்புக் கம்பி, அதன் மேல் மண். நின்று நின்று, வயிற்றை இழுத்துப் பிடிக்க அவர் மறந்துபோனார். பேச ஆரம்பித்தார். கடலில் பயம் உண்டா என்று ஒருநாள் சிற்பி கேட்டார்.

"பயம் இல்லாம? ஆனா போட்ல சொல்ல முடியாது சார். நான்தான் பெரியவன்." களிமண் முகத்தை எட்டிப் பார்த்து, "அது மூஞ்சில தெரியுதா?" என்றார்.

"தெரியுது."

"அப்ப அத எடுத்துடுங்க."

சிற்பி தலையாட்டினாரே தவிர எடுக்கவில்லை. எடுத்தால் முகமே போய்விடும் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தடைக்காலம் முடிந்தது. காதுகள் மட்டும் பாக்கி இருந்தன. "ஒரு நடை போயிட்டு வந்துடறேன், அப்பறம் காத வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சுடாத களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் சிற்பி தினமும் காலையில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் சிலையைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு வைத்தார்.

வலை இழுக்கும்போது அவர் தவறிக் கடலில் விழுந்துவிட்டார் என்று டீக்கடையில்தான் சொன்னார்கள். படகுகள் போய்த் தேடின. பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

சிற்பி தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை.

"விட்டுடுங்க, காஞ்சி போகட்டும்" என்றேன்.

"வெடிக்கும்."

"வெடிக்கட்டுமே."

"முகத்துல முதல் விரிசல் வரும்போது நீங்க இங்க நிப்பீங்களா?"

நான் தண்ணீர் வாளியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அந்த ஷெட்டில் வேலை செய்வது கஷ்டமாகிவிட்டது. துணி மூக்கின் மேலும் உதட்டின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போதுதான் கடலிலிருந்து தூக்கி வந்து நிறுத்தியதுபோல் இருக்கும். மதியத்தில் மின்விசிறி நின்றால் சொட்டு விழும் சத்தம் கேட்கும். நான் அந்த மூலைக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. வெளியிலும் அவர் விடவில்லை. ஒருமுறை பேருந்து நிலையத்தில் வலது தோள் இறங்கிய ஒருவர் எனக்கு முன்னால் போனார். உப்பளத்தில் என் வீட்டுக்குப் போக வேண்டிய பேருந்தை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் திரும்பினார். வேறு யாரோ. "இன்னா வேணும்மா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

ஒரு நாள் அவருடைய மனைவி ஷெட்டுக்கு வந்தார். மீன் விற்பவர். கூடவே கணவரின் தம்பி வந்தான். மாலை போட வீட்டில் சரியான படம் இல்லை, அடையாள அட்டைப் படத்தில் யாரோ மாதிரி இருக்கிறார் என்று சொன்னார். புகைப்படக்காரர் பெரிதாகப் போட்டு வைத்திருந்த படங்களைக் காட்டினோம். கை கட்டி, மார்பு நிமிர்த்தி நின்ற படங்கள். மனைவி ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார்.

"இது போட்டோவுக்கு நின்ன ஆளு."

என் முதுகுப் படத்தைப் பார்த்தார். "தோளு அவருதான்" என்றார். ஆனால் முதுகுக்கு எப்படி மாலை போடுவது?

பிறகு மூலையைப் பார்த்தார். "அது இன்னா?"

சிற்பி என்னைப் பார்த்தார். நாங்கள் பதில் சொல்வதற்குள் மனைவி எழுந்து போய்ப் பிளாஸ்டிக் தாளை எடுத்தார். துணியை மேலிருந்து மெதுவாகப் பிரித்தார். நெற்றி, கண், வாய். தம்பி இரண்டடி பின்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான். மனைவி அலறவில்லை. சிலையின் கன்னத்தில் கையை வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டார்.

"வெளிய இந்த மூஞ்ச காட்ட மாட்டாரு. வீட்ல படுக்கறப்ப இப்டிதான் இருப்பாரு." பிறகு சிற்பியிடம் திரும்பி, "அண்ணே, இவர எங்கிட்ட குடுத்துடுங்க" என்றார்.

உடல் கிடைக்காவிட்டால் வைக்கோலில் உருவம் செய்து காரியம் செய்வார்களாம். அது இன்னும் நடக்கவில்லை. சிற்பி சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அவர்கள் ஊருக்குப் போனோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் மறித்தார். "மண்ணு பொம்மைக்கு இன்னா சடங்கு?"

"வைக்கோலுக்குப் பண்ணலாம், மண்ணுக்குப் பண்ணக் கூடாதா?" என்றார் மனைவி. பெரியவர் வழியை விட்டு விலகினார்.

வாசலில் பெஞ்சு போட்டுச் சிலையைக் கிடத்தினார்கள். இடுப்புக்குக் கீழே வேட்டியைச் சுருட்டிக் கால் மாதிரி வைத்தார்கள். நான் கிறிஸ்தவப் பெண், ஓரமாக நின்றேன். உறவுக்காரர்கள் எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைத்தார்கள். பிறகு குடம் குடமாக ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். அது சுடாத மண் என்பது எனக்கும் சிற்பிக்கும் அப்போதுதான் உறைத்தது. முதலில் மூக்கு மழுங்கியது. உதடு கரைந்தது. பெஞ்சிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் மணலில் ஓடியது. பெண்கள் அழுதுகொண்டே ஊற்றினார்கள். தோள் கரைந்து உள்ளேயிருந்த இரும்புக் கம்பி வெளியே தெரிந்தபோது முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். சிற்பி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"போதும்" என்றார் மனைவி. புது வேட்டியை எடுத்துக் கம்பி தெரியாமல் போர்த்தினார். இடுகாட்டில் அதைப் புதைத்தார்கள்.

கண்காட்சியை வேறு ஆட்களை வைத்து நடத்தினோம். அவருடைய படம் ஒன்றையும் வைக்கவில்லை. என் முதுகுப் படத்தை மனைவியிடமே கொடுத்துவிட்டேன். சிற்பி அதற்குப் பிறகு களிமண்ணைத் தொடவில்லை, மரத்துக்கு மாறிவிட்டார். மரத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் தம்பி தனியாக ஷெட்டுக்கு வந்தான். மாடலாக நிற்க வந்திருக்கிறான் என்று நினைத்தோம்.

"அண்ணன் எங்க நிப்பாரு?" என்று கேட்டான்.

சிற்பி இடத்தைக் காட்டினார். அவன் அங்கே போய் நின்றான். காரியத்தன்று ஆண்கள் வரிசையில் இறுகிய முகத்தோடு நின்றவன். அந்த இடத்தில் நின்ற கொஞ்ச நேரத்தில் அவன் தாடை ஆட ஆரம்பித்தது. பிறகு வாய்விட்டு அழுதான். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் மிகப் பெரிதாகக் கேட்டது. நான் கரித்துண்டைக் கீழே வைத்தேன். சிற்பி போய்க் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அடங்கியதும் குழாயில் முகம் கழுவிக்கொண்டான். "ஊர்ல சொல்லாதீங்கக்கா" என்றான்.

"சொல்ல மாட்டேன்."

"நாளைக்குக் கடலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.