நாலால் பெருக்க வேண்டிய முள்

எனக்கு இடது காது போய், வலது காது போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் காருக்கு எஞ்சின் மாற்றினோம். பழைய எஞ்சின் பெட்ரோலைவிட ஆயிலை விரும்பிக் குடித்தது. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது ஓடினால் எனக்கே கேட்கும். அரியமங்கலத்து மெக்கானிக் அதே கம்பெனியின் பிந்தைய மாடலிலிருந்து கழற்றிய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். "சத்தமே இருக்காது சார். ஓடுதா இல்லையான்னே தெரியாது" என்று பெருமைப்பட்டார். அதில்தான் ஆபத்து என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும்தான்.

மறுநாளே, ஓடிக்கொண்டிருந்த வண்டியை இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்தேன். பல்செட்டு கல்லைக் கடித்தது போலச் சத்தம் வந்ததாம். "ஏன்னா, ஓடிண்டுதான் இருக்கு!" என்று அலறினாள் மனைவி. அடுத்தது நேர்மாறு. காவிரிப் பாலத்தின் நடுவில் எஞ்சின் நின்றுபோனது தெரியாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற பஸ் டிரைவர் என் வம்சத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் எப்படியோ காதில் விழுந்தது.

காது மெஷின் மாட்டிப் பார்த்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டின் அத்தனை ஹாரனையும் அது மண்டைக்குள் கொண்டுவந்து இறக்கியது. எஞ்சினை மட்டும் வெளியே விட்டுவிட்டது. ஆகவே மனைவியே என் காது ஆனாள். "கியர் மாத்துங்கோ." "போறும், அழுத்தாதேங்கோ." "நின்னுடுத்து." நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வருகிறவளுக்கு இது இன்னொரு வகுப்பு, அதிலும் மக்குப் பையன் ஒருத்தனுக்காக. ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"அந்த முள்ளை வேலை செய்ய வெக்கற வரைக்கும் நான் பஸ்லயே போய்க்கறேன். நீங்களும் ஓட்டப்படாது. இல்லேன்னா வித்துடுங்கோ."

முள் என்றால் ஆர்.பி.எம். மீட்டரின் முள். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. காது உள்ளவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்கு இனி அதுதான் காது. எஞ்சின் மாறிய நாளிலிருந்து அது சைபரில் பள்ளிகொண்டிருந்தது. எங்கள் ஸ்ரீரங்கத்தில் படுத்திருப்பவருக்குத் தினமும் காலையில் பாடத்தான் பாடுகிறார்கள். அவர் எழுந்து நின்றதாகத் தகவல் இல்லை. நானும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

"ஆர்.பி.எம். மீட்டரா? அதை யாரு சார் பாக்குறாங்க?" என்றார் மெக்கானிக். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு வயரை எங்கோ தொடுத்தார். முள் எழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் கவனித்தேன்: எண்ணூறு காட்ட வேண்டிய இடத்தில் இருநூறு.

சங்கதி இதுதான். பழைய எஞ்சினில் நாலு சிலிண்டருக்கும் தீப்பொறி கொடுக்க ஒரே காயில். மீட்டர் அந்தப் பொறிகளை எண்ணிக்கொள்ளும். புதிய எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு காயில், எல்லாம் தனிக்குடித்தனம். மெக்கானிக் ஒரு வீட்டில் மட்டும் விசாரித்திருந்தார். காலால் மிதித்தால், கால்தான் காட்டியது.

"அது ஒண்ணும் இல்ல சார், நாலால பெருக்கிக்குங்க."

பாலக்கரை நெரிசலில் ஆட்டோவுக்கு ஒதுங்கிக்கொண்டே அறுநூற்று எழுபதை நாலால் பெருக்கி, விடை வருவதற்குள் கியர் மாற்றும் அவசியமே போய்விட்டது. அதைவிட மோசம், எஞ்சின் ஓடும்போதும் நின்றபோதும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தது. மூன்றாவது நாளே விளம்பரம் கொடுக்க வண்டியைப் படம் எடுத்துவிட்டேன். படத்தில் அழகாகத்தான் இருந்தது.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை அரியமங்கலம் போனோம். மனைவியும் வந்தாள். "சரியாயிடுத்துன்னு நீங்க வந்து சொல்லி நான் நம்ப மாட்டேன்" என்றாள். ஸ்டியரிங் என்றாலே பிடிக்காதவள், அன்றைக்கு அவளே ஓட்டினாள்.

மெக்கானிக் அடுத்த ஷெட்டிலிருந்து எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தார். அவர் நாலு காயிலிலிருந்தும் வயர் இழுத்து ஒரே முடிச்சாகப் போட்டார். ஸ்டார்ட் செய்ததும் கார், சமயபுரத்தில் அருள் வந்தது போல ஆடிவிட்டு நின்றது. நின்றது எனக்கே தெரிந்தது.

"ஒண்ணுக்குக் கரண்டு வந்தா மத்த மூணுக்கும் பாஞ்சிடுதுங்க. எல்லாம் சேந்து வெடிக்குது" என்று எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். பழையபடியே நாலால் பெருக்கிக்கொள்ளச் சொல்லிவிடலாமா என்ற யோசனை மெக்கானிக்கின் முகத்தில் மறுபடி உதிக்கத் தொடங்கியது.

புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த மனைவிக்கு எரிச்சல். "ஏகாதசிக் கூட்டத்துக்கு எங்க தெருவுல பண்றாளே, அந்த மாதிரி ஒன்வே போட்டுடுங்கோளேன்! போனது திரும்பி வராது."

அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டயோடுங்க!" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஏன்யா, இதை நீ சொல்ல மாட்டியா?" என்றார் மெக்கானிக்.

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

டயோடு என்பது மின்சாரத்துக்கு ஒருவழிப்பாதை, அவ்வளவுதான். செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து நாலைப் பிடுங்கி, காயிலுக்கு ஒன்றாகப் பற்றவைத்தார்கள். சாவியைத் திருப்பினேன். முள் துள்ளி எழுந்து எண்ணூறில் நின்றது. பக்கத்து லேத் பட்டறையிலிருந்து சுற்று எண்ணும் கருவியை வாங்கிவந்து பார்த்தார்கள். அதுவும் ஏறக்குறைய அதையே சொன்னது. நெஞ்சிலிருந்து ஒரு லாரி இறங்கிப் போனது போலிருந்தது.

"மேடம், பேசாம நீங்க பட்டறை வெச்சிடலாம்" என்றார் மெக்கானிக்.

"வேண்டாம்ப்பா. கிளாஸ்ல இருக்கறதுகளை மேய்க்கறதே போறும்."

திரும்பும்போது நான் ஓட்டினேன். காந்தி மார்க்கெட் வரை அவள் சாலையைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாயிரத்தைத் தாண்டியதும் நானாகவே கியர் மாற்றினேன். அவள் தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டாள். பாலம் ஏறும்போது கண்ணை மூடினாள். இறங்கும்போது வாயும் லேசாகத் திறந்திருந்தது. புது எஞ்சின் வந்தபின் இந்த வண்டியில் அவள் தூங்கியதே இல்லை.

மாம்பழச் சாலை சிக்னலில் கிளட்சை அவசரமாக விட்டேன். காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. முள் சரிந்து விழுந்தது. உடனே சாவியைத் திருப்பினேன், முள் எழுந்தது, பின்னால் இருந்தவன் ஹாரனில் கை வைப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எழுப்பிச் சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. வேண்டாம். வீடு வரை தூங்கட்டும்.