வெள்ளைப் பக்கம் கீழே

போன வருஷம், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து திருத்தணி மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டகையில் நடந்தது இது. மாட்டை விற்று ரொம்ப நாளாகியிருந்தது. விறகும் ஒரு ஓட்டை சைக்கிளும்தான் உள்ளே.

நைனாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸுக்காக அம்மாவோடு விடியற்கால ரயிலில் சென்னைக்குப் போவார். திரும்பும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். ஒருநாள், "போதும் பாப்பா, இனிமே நான் எங்கியும் வரல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்குமே தெரியும்.

ஆஸ்பத்திரியில் வேறு வழி ஒன்று சொன்னார்கள். வயிற்றில் குழாய் வைத்து, பையிலிருந்து மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு எடுப்பது. வீட்டிலேயே செய்யலாம். ஆனால் தூசி இல்லாத தனி அறை வேண்டும். கிருமி போனால் உயிருக்கே ஆபத்து. எங்களுடையதோ ஒற்றை அறை வீடு.

கொட்டகையை நான் அறையாக்குகிறேன் என்று குதித்தேன். அதுவரைக்கும் மட்டும் ரயிலில் போய்வரச் சொல்லி நைனாவைக் கெஞ்சினோம். காலேஜ் முடித்துச் சும்மா இருந்த கை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தரையைக் கொத்தி சிமெண்ட் போட்டேன், சுண்ணாம்பு அடித்தேன். "கொத்தனாரம்மா, டீ வோணுமா?" என்று அம்மா கிண்டல் செய்வாள். தகரக் கூரையில், கட்டிலுக்கு நேர் மேலே மட்டும் வெளிச்சம் வர ஒரு ஃபைபர் ஷீட். துருவும் பல்லி எச்சமும் விழாமல் உள்ளே ஒரு மறைப்பு கட்டவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒழுகுகிற வீட்டுக்கெல்லாம் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்தான். பேனர் கடை அண்ணன் கட்டை ஃப்ரேமை மட்டும் வைத்துக்கொள்வார். கிழித்த ஃப்ளெக்ஸ் மூலையில் சுருண்டு கிடக்கும். "எத்தினி வோணுமோ எட்துக்கினு போம்மா" என்றார். இருந்ததில் பெரியது ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். கண்ணாடி போட்ட யாரோ ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் நைனாவும் சென்னை போயிருந்த அன்று அதைக் கழுவித் துடைத்து, வெள்ளைப் பக்கம் கீழே வரும்படி ஆணி அடித்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "கல்யாண மண்டபம் மாரி கீதுடி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நைனாவுக்குக் குழாய் வைத்து, எனக்கும் பை மாட்டக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் முதல் நாள் காலை. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பையை மாட்டினேன். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேல் வெயில் ஏறி ஃபைபர் ஷீட்டில் விழுந்தது. வெள்ளையாக இருந்த மறைப்பில் மெல்ல அந்த முகம் வந்தது. கண்ணாடி, சிரிப்பு, இடம் வலம் மாறிய எழுத்துகள்.

நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம சத்திரத்து பாவா இல்ல?"

கனகம்மாசத்திரத்துக்காரர், நைனாவோடு டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தவர். மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டாலும் உறவெல்லாம் இல்லை, ரயிலில் ஒட்டிக்கொண்ட பாவா. நான் பார்த்ததில்லை. திருத்தணி ஸ்டேஷனுக்கு வந்து முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் துண்டு போட்டு நைனாவுக்கு இடம் பிடித்து வைப்பாராம். அவர் வருவது நின்றபோது, "திருப்பதி ஆஸ்பத்திரிக்கு மாறிட்டாராம்" என்று அம்மா சொன்னாள். நானும் நம்பியிருந்தேன்.

கிழித்தெறியலாம் என்றால் தூசி கொட்டும். கதவைக்கூடத் திறக்கக் கூடாது. பை காலியாகும்வரை இரண்டு பேரும் அந்த முகத்துக்குக் கீழேயே இருந்தோம். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

குழாயை மூடியதும், "கழட்டிடறேன் நைனா" என்றேன்.

"வுடு பாப்பா. எனக்கு முன்னாடியே போயி துண்டு போட்டு வச்சிகினு கீறாரு பாரு."

அதன்பிறகு தினமும் வெயில் வந்ததும், "இன்னா பாவா, வண்டி வந்துச்சா?" என்று மேலே பார்த்துக் கேட்பார். மூட்டமான நாட்களில் யாரோடும் பேசமாட்டார். கார்த்திகை மழை விடுவதற்குள் போய்விட்டார். கிருமியால் இல்லை, இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அறையில் ஒரு குறையும் இல்லையாம். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இல்லை.

காரியம் முடிந்து, தெருமுனையில் இருந்த நைனாவின் பேனரை அவிழ்க்க வந்த கடை அண்ணன் தயங்கினார். "நீயே வச்சிக்கிறியாம்மா?"

கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள் என்றேன். எந்த வீட்டுக்குப் போனதோ. இப்போது ரயிலில் போகும்போது, படம் உள்ளே போய் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய ஃப்ளெக்ஸ் போர்த்திய கூரை ஏதாவது கண்ணில் பட்டால், அதற்கு அடியில் படுத்திருக்கும் யாரோ ஒருவரை நைனா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.