கொய்யாவை வெட்டிய பெரியப்பா

இன்று காலை கொல்லையில் கொய்யாக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தேன். பச்சை மரத்தின் வாசனை என்னைத் திருவையாற்று வீட்டுக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் ஊரில் இல்லாத நாளில், அடுத்த வீட்டுப் பெரியப்பா எங்கள் கொய்யாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் போட்டிருந்தார்.

"இலையெல்லாம் எங்க பக்கம் கொட்டுது," என்றார்.

அம்மா அடிமரத்துக்கு எருவிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினாள். மழைக்குப் பின் தளிர்கள் வெடித்துக் கிளம்பின. அடுத்த வருடம் கிளைகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய அளவுக்குக் காய்த்தது. பெரியப்பா வீட்டைத் தவிர, தெரு முழுக்கக் கூடை கூடையாகக் கொடுத்தாள்.

ஒருநாள் அவரே வாசலுக்கு வந்தார். "எங்களுக்கு ரெண்டு பழம் இல்லையாம்மா?"

"இலையே உங்க பக்கம் வரக்கூடாதுன்னீங்க. பழம் மட்டும் எதுக்குங்க?" என்றாள் அம்மா.

தலைகுனிந்து போனார். அவர் செத்துப் பல வருடமாகிறது. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் இனிக்கிறது.