யாரால் செய்யப்படும்?

குடிநீர் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ஆவன அக்கா. புகார் ஜன்னல்தான் அவள் இடம். வெளியே ஒருவர் வந்து, குழாய் உடைந்துவிட்டது, தெருவெல்லாம் தண்ணீர் என்று படபடத்தால் போதும், அவள் கை தானாக ரப்பர் முத்திரையை எடுக்கும். சீட்டில் 'ஆவன செய்யப்படும்' என்று ஒரு குத்து. வருஷக்கணக்கில் குத்திக் குத்தி அந்த வாக்கியம் அவள் வாய்க்குள்ளும் குடியேறிவிட்டது. வீட்டில் மகள் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று வந்து நின்றாலும் இதே பதில்தான். எப்போது என்று கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பாள். அந்தப் பெண் கடைசியில் தானே ஊசி நூல் எடுத்துத் தைக்கக் கற்றுக்கொண்டாள்.

இப்படிப்பட்டவள் நாற்பதைத் தாண்டியபிறகு பொது நிர்வாகவியலில் முதுகலை சேர்ந்தாள். பிரிவுத் தலைவர் பதவிக்கு அந்தப் பட்டம் இருந்தால் முன்னுரிமை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதெல்லாம் சும்மா சாக்கு. இளங்கலை முடித்த கையோடு வேலை, கல்யாணம், குழந்தை என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்ததில், படிப்பு ஆசை மட்டும் பாதியில் வைத்த காபி மாதிரி ஓர் ஓரமாக ஆறிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமைதோறும் வகுப்பு. அலுவலகத்துக்கோ சனிக்கிழமையும் வேலை நாள். விடுப்புக் கேட்கத் தயங்கித் தயங்கி மேலாளர் முன்னால் போய் நின்றாள். ஓய்வு பெறும் காலத்தை நெருங்கிவிட்ட மனிதர் அவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை ஜன்னலில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் போய்ப் படியுங்கள் என்றார். சொன்னபடியே உட்காரவும் செய்தார். புது குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் அதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். எந்த அலுவலகத்தில் இப்படி ஒரு மேலதிகாரி கிடைப்பார், சொல்லுங்கள்.

வீட்டில் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி விடியற்காலையில் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்ததும், சமையலறையை அவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நல்ல மனசுதான், ஆனால் கை இருக்கிறதே, இரும்பு முடுக்கிப் பழகிய கை. முதல் வாரம் அவர் பாத்திரம் தேய்த்தபோது எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எங்கேயோ லாரி கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தாராம்.

எழுத்துத் தேர்வுகளை ஒருவழியாகத் தாண்டிவிட்டாள். மிஞ்சியது ஆய்வேடு. ஊரின் பள்ளத்துத் தெருவில் மட்டும் குழாய்ப் புகார்கள் ஏன் மாதக்கணக்கில் கிடக்கின்றன என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. மகளுக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் ஏற்கெனவே ஒரு முறை அவகாசம் நீட்டித்து வாங்கியாகிவிட்டது. இனி நீட்டிப்பு கிடையாது. இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, படித்த படிப்பெல்லாம் வீண்.

அந்த நேரம் பார்த்துத்தான் வழிகாட்டிப் பேராசிரியையிடமிருந்து ஆய்வேடு திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் ஒரே கேள்வி. 'புகார் பெறப்பட்டது' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், யார்? 'மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது', யார்? 'தாமதம் ஏற்பட்டது' என்ற வரியின் ஓரத்தில் அந்தக் கேள்வி இரண்டு தடவை இருந்தது.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வழிகாட்டி அவளைவிட வயதில் சிறியவர், அலுவலகப் படிக்கட்டே ஏறாதவர், அவருக்கு என்ன தெரியும் என்று பேருந்தில் போகும்போதே மனசுக்குள் ஒரு பெரிய சண்டையைப் போட்டு முடித்தாள். நேரில் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"ஆபீஸ்ல நாங்க இப்படித்தான் எழுதுவோம் மேடம்."

"ஆபீஸ்ல எழுதிக்கோங்க. இது உங்க ஆராய்ச்சி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, புகார் வந்தா குழாய் ரிப்பேர் பண்றவருக்கு எப்படித் தெரியும்?"

"தகவல் தெரிவிக்கப்படும்."

"யாரு தெரிவிப்பாங்க?"

ஆவன அக்கா வாயைத் திறந்தாள். மேலாளர் என்று சொல்ல வந்தாள், ஆனால் அவர் தெரிவித்து அவள் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி தனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் குழாய் மெக்கானிக்கைத் தேடி அலுவலகத்தின் பின்பக்கக் கொட்டகைக்குப் போனாள். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். தனக்கு யாரும் சீட்டு அனுப்புவதில்லையாம். ஜனங்கள் கொட்டகைக்கே வந்து நிற்பார்களாம், யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் வீட்டுக்கு முதலில் போவாராம். பள்ளத்துத் தெருக்காரர்கள் பொழுது விடியும் முன்னே வேலைக்குப் போய், கொட்டகை பூட்டியபிறகு திரும்புகிறவர்கள். அவர்கள் எப்போது வந்து சத்தம் போடுவது? ஜன்னலில் ஒரு தரம் சீட்டைக் கொடுத்துவிட்டு, முத்திரையை நம்பி வீட்டில் காத்திருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அவள் முத்திரை குத்தி மேலாளரிடம் அனுப்புவாள், பார்த்துவிட்டு அவர் மெக்கானிக்கிடம் சொல்லுவார் என்று நினைப்பாள். அவரோ 'ஆவன செய்யப்படும்' என்று முத்திரை விழுந்திருப்பதைப் பார்த்து, அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டு அலமாரிக்கு அனுப்புவார். சனிக்கிழமை தான் வாங்கிய சீட்டுகளையும் முத்திரைக்காக அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். திருட்டு இல்லை, சோம்பல் இல்லை. செய்யப்படும் என்று எழுதியிருந்தது, யார் செய்வார் என்றுதான் எழுதவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அலுவலக விவரங்களைப் பயன்படுத்தியிருப்பதால் ஆய்வேட்டில் மேலாளரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அவரும் நானும்தான் காரணம் என்று எழுதிவிட்டு அவரிடமே கையெழுத்துக்கு நீட்டுவதா? அவர் கோபித்துக்கொண்டு மறுத்தால் பட்டம் போச்சு. கோபிக்காமல் மனம் நொந்துபோனால் அது அதைவிட மோசம். சனிக்கிழமை தவறாமல் தனக்காக ஜன்னலில் உட்கார்ந்து வசவு வாங்கிய மனிதர். பழையபடி 'தாமதம் ஏற்பட்டது' என்றே எழுதலாம் என்றால் பச்சை மை விடாது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று மென்று விழுங்கினாள்.

கடைசியில் எழுதினாள். 'புகாரை நான் வாங்கினேன். மெக்கானிக்கிடம் நான் சொல்லவில்லை. மேலாளரும் சொல்லவில்லை.' சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எழுதும்போது கை கூசியது.

மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அத்தியாயத்தை நிதானமாகப் படித்தார். அவள் நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தாள். படித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நான் சொல்லுவேன்னு நீங்க நினைச்சீங்க. நீங்க சொல்லியாச்சுன்னு நான் நினைச்சேன். இத்தனை வருஷமா ரெண்டு பேரும் ஒரே ரூம்லதாம்மா உக்காந்திருக்கோம்."

அவர் அந்த அத்தியாயத்தை மறுபடி புரட்டினார்.

"இதுக்கு முன்னாடி இந்த இடத்துல என்ன எழுதியிருந்தீங்க?"

"தாமதம் ஏற்பட்டதுன்னு சார்."

"ஓகோ, அதுவா வந்து ஏற்பட்டுச்சாக்கும்" என்றவர் சிரித்தேவிட்டார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கொட்டகைக்குப் பேசினார். அந்த வாரமே பள்ளத்துத் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். இனிமேல் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது ஆவன அக்கா, சொன்னாளா என்று கேட்க வேண்டியது மேலாளர் என்று முடிவானது. முத்திரை மேஜை இழுப்பறைக்குள் போனது. தேவைப்படவே இல்லை.

இவ்வளவு பட்டும் பழக்கம் போகுமா? ஆய்வேட்டின் முகப்பில் நன்றியுரை ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆவன அக்கா கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தாள்: 'இவ்வாய்வு நிறைவுபெற உதவிய அனைவருக்கும் நன்றி தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' பச்சை மை அதையும் சுழித்துத் திருப்பி அனுப்பியது. யார்? யாருக்கு? எதற்கு?

இந்த முறை கோபம் வரவில்லை. தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகுதான் அந்தக் கேள்விகள் உறைத்தன. யாருக்கு, எதற்கு என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கப் பார்க்கக் கண் கலங்கிக்கொண்டே வந்தது. இத்தனை பேர் தன்னைத் தாங்கிப் பிடித்திருக்க, தான் ஒருத்தியாகப் படித்து முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று பட்டது. முழு ஆய்வேட்டையும் எழுதியதைவிட அந்த ஒரு பக்கத்துக்குத்தான் அவள் அதிகம் பாடுபட்டாள்.

கெடுவுக்கு முன்பே ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வியில் அவளைத் திணறடித்தார், மற்றதற்கெல்லாம் சமாளித்துவிட்டாள். முடிவு வந்த அன்று அலுவலகத்தில் கைதட்டினார்கள். மேலாளர் அன்று முழுக்க, சனிக்கிழமைகளில் அந்தப் படிப்பில் பாதியைத் தான் படித்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தைத்து அட்டை போட்ட பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, மகள் பிடுங்கிக்கொண்டு அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, முதல் பக்கத்தை உரக்கப் படித்தார்.

'என் மேலாளர் சனிக்கிழமைகளில் என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு வர வேண்டிய வசவுகளை வாங்கிக்கொண்டார். என் வழிகாட்டி பக்கத்துக்குப் பக்கம் யார் என்று கேட்டார், நான் பதில் சொல்லும்வரை விடவில்லை. என் மகள் தன் பொத்தானைத் தானே தைத்துக்கொண்டாள்.'

மகள், "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

'என் கணவர் விடியற்காலையில் பாத்திரம் தேய்த்தார். நான் படிப்பதற்காகச் சத்தம் வராமல் தேய்த்தார்.'

அந்த வரியை அவர் மறுபடி மனசுக்குள் படித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்திரத்துக்கு அடியில துணி விரிச்சுத் தேய்ச்சேன். உனக்கு எப்படித் தெரியும்? நீ புத்தகத்துலயிருந்து தலையே தூக்கலையே."

"துணி எனக்குத் தெரியாது. முதல் வாரம் தெருவே கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள்கூடக் கேக்கலை."

அவர் அந்தப் பக்கத்தை விரலால் ஒரு முறை தடவிவிட்டு, எழுந்து, பாதியில் விட்ட பாத்திரங்களைத் தேய்க்கப் போனார். ஆவன அக்கா அவர் பின்னாலேயே போய், அவர் கழுவிக் கழுவி நீட்டிய ஒவ்வொன்றையும் வாங்கித் துடைத்து அடுக்கினாள்.