வாசலுக்கு வந்து எழுதுங்க

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வருஷம் கொழுந்து கிள்ளிவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் புதுக்கோட்டைப் பக்கத்தில் அவருடைய ஊருக்கே திரும்பியிருந்தோம். இலங்கையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். வேலை குறைந்ததும் உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கப்பலேற்றினார்கள். சரி, நம் நாடுதானே என்று வந்தால், இங்கே நாடு சேரிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சமஸ்தானத்தில் ஜனக்கணக்கு எடுக்கப் போவதாக என் மாமனார்தான் தமுக்கடித்தார். ஊருக்குச் செய்தி சொல்வது அவர் வேலை. சர்க்கார் ஆள் வீடு வீடாக வருவார், சுவரில் காவியால் எண் போடுவார், கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எல்லாத் தெருவிலும் கத்திவிட்டு வந்தார். தன் தமுக்கில் பொய் ஏறியதில்லை என்று அவருக்குக் கொள்ளைப் பெருமை.

கணக்கெடுக்க வந்தவர் ஒரு வாத்தியார். மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு ஏறி இறங்கியவர், எங்கள் தெருமுனைக்கு வந்ததும் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மாமனார் பத்தடி தள்ளிக் கைகட்டி நின்று ஒவ்வொரு வீடாகச் சொல்ல, அவர் எழுதினார். காவிச் சட்டி மூடியபடியே இருந்தது. ஆண்களுக்குப் பெயர் உண்டு. பெண்கள் என்றால் ‘பொம்பளை ஒன்று’. தொழிலை அவர் கேட்கவே இல்லை. எல்லாருக்கும் பண்ணையாள் என்று அவரே போட்டுக்கொண்டார்.

பண்ணையில் சேரச் சொல்லிப் பெரிய வீட்டுக்காரர் எங்களுக்கு ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மறுத்துவிட்டுக் கல் உடைத்துப் பிழைத்தோம். சர்க்கார் தாளிலும் பண்ணையாள் என்று ஏறிவிட்டால் அதைக் காட்டியே இழுத்துக்கொண்டு போவார். அப்புறம் என் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்தப் பண்ணைக்குத்தான்.

எங்கள் முறை வந்ததும் முன்னால் போனேன்.

“ஐயா, நாங்க யாருக்கும் பண்ணையாளு இல்ல. எங்கள எழுதணும்னா எங்க வாசலுக்கு வந்து, கேட்டு எழுதுங்க.”

நான் ‘சாமி’ என்று கூப்பிடாததிலேயே அவருக்குப் பாதிக் கோபம். எங்கே இருந்து எழுதினால் என்ன என்று கேட்டார். பெரிய வீட்டில் சொல்ல வேண்டி வரும் என்றும் மிரட்டினார். மாமனார் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லி அதட்டினார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“வீடு வீடா வருவாகன்னு தமுக்கடிச்சது நீங்கதானே மாமா? அப்ப ஊரு பூரா பொய்யச் சொல்லிட்டா வந்தீங்க?”

மாமனார் கட்டியிருந்த கையை எடுத்தார். அதற்குமேல் ஒரு பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வாத்தியார் அதட்டியும் பார்த்தார், தணிந்தும் கேட்டார். எல்லாரும் அவரவர் வீட்டில் இருப்போம், வந்து கேளுங்கள் என்று மட்டும் மாமனார் சொன்னார். தெருவே கலைந்து வாசல்களில் போய் உட்கார்ந்தது. தாள் நிரம்பாமல் வாத்தியார் சர்க்காருக்கு என்ன பதில் சொல்வார்?

வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடப்பவர் மாதிரி வந்தார். தெரு காய்ந்துதான் கிடந்தது. என் சுவரில் எண் போட்டார். என் பெயரை நானே சொன்னேன். தொழில் கல் உடைக்கிற கூலி என்றேன். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதன்பின் தெருவில் எல்லாப் பெண்களும் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள். முன்னால் எழுதியதை அடித்து அடித்து அவருக்குக் கை வலித்திருக்கும்.

போகிற வழியில் வாய்க்காலில் இறங்கித் தலை முழுகிவிட்டுப் போனாராம். நன்றாக முழுகட்டும். எங்கள் பெயர் ஏறிய தாளை நனையாமல் கரையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தானே முழுகியிருக்க வேண்டும்.