எண்ணெயில் ஊற்றிய தண்ணீர்

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஹந்தானை மலை ஏற்றத்தில் ஒரு போர்டிங் வீட்டின் மேல்மாடியில் நாங்கள் ஆறு மாணவிகள் தங்கியிருந்தோம். முதல் வருடத்தில் கேம்பஸில் தீ விபத்துப் பயிற்சி ஒன்று நடந்தது. வரவுக் கையெழுத்துக்காகத்தான் போனோம். சிங்களத் தீயணைப்பு வீரர் ஒருவர் எரிகிற எண்ணெய்ச் சட்டியைக் காட்டி, "தண்ணி போட வேணாம், மூடி போடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய தமிழைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். நான் அதைப் போனில் பதிவும் செய்தேன்.

போர்டிங் படியருகே வீட்டுக்காரர் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரை, ஒருத்தியின் பிறந்தநாளன்று அவள் தலையில் பீய்ச்சியே காலியாக்கினோம். வெள்ளைத் தூளுக்குள் அவள் மூச்சுத் திணறினாள். அதற்கும் சிரிப்புத்தான். பிறகு சிலிண்டரைத் துடைத்துப் பழையபடி மாட்டிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அறைத் தோழி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது தாச்சிச் சட்டி எண்ணெயில் தீப்பிடித்தது.

"மூடியை எடுத்துத் தா" என்றாள்.

நான் மூடியைத் தேடவில்லை. ஓடிப்போய்ச் சிலிண்டரைக் கழற்றி வந்தேன். அழுத்தினால் காற்றுக்கூட வரவில்லை. பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே தாச்சியில் கொட்டினேன். தீ கூரைவரை எழுந்தது. கொதிக்கும் எண்ணெய் அவள் கையிலும் கழுத்திலும் தெறித்தது. அலறல் கேட்டு வந்த வீட்டுக்காரர்தான் கேஸை மூடி, பெரிய தட்டொன்றால் தீயை அடக்கினார்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, வாசலில் நின்று எங்களில் ஒருத்தி சொன்னாள்: "அவளே தாச்சியத் தட்டிட்டான்னு சொல்லுவோம். சிலிண்டர் கதை தெரிஞ்சா நம்மள போர்டிங்க விட்டு வெளிய போகச் சொல்லிருவாங்க."

எல்லோரும் தலையாட்டினோம். உள்ளே போய், கட்டுப் போட்ட கையோடு கிடந்தவளிடம் அதைச் சொன்னது நான்தான். அவள் என்னையே பார்த்தாள். "ஓம், அப்பிடியே சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அவளுடைய அம்மா வந்து சேர்ந்தார். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நீ பக்கத்தில நிண்டபடியால்தான் இவள் தப்பினவள்" என்றார். பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துத் தந்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். தோழி கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றை உரித்து நீட்டியபோது அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த அம்மாவிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. தீபாவளிக்கு இப்போதும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறார். அதைத் திறக்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.