தெரியாது என்று சொன்ன திரை

கிண்ணியாக்காரி ஸல்ஹா, துறைமுகத்தடியில் மீன் வியாபாரம் செய்யும் முனீப் ஹாஜியாரிடம் கணினிப் பொறுப்பாளராக இருந்தாள். கப்பல்துறையிலும் நிலாவெளியிலும் ஹாஜியாருக்குக் குளிரறைகள். அங்குள்ள கணினிகள் வெப்பநிலையை ஓயாமல் அலுவலகத்துக்கு அனுப்பும். இணைத்தவள் ஸல்ஹாதான். தூரத்துக் கணினி பேசாமல் போனால் அது செத்துவிட்டதா, நடுவில் இணைப்புத்தான் அறுந்ததா என்று இங்கிருந்து சொல்ல ஏலாது. ஆகவே, பதில் நின்றதும் திரையில் சிவப்பாகத் 'தெரியாது' என்று விழச் செய்திருந்தாள்.

அலுவலகத்துக்கு மீன் வாங்க வருபவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

"தெரியாதெண்டு போட்டா ஆரு புள்ள வாங்குவான்? கடைசியா வந்ததையே காட்டுங்க," என்றார் ஹாஜியார்.

"அது பழசு ஹாஜியார். இப்ப உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு அதில தெரியாது."

"சொன்னத்தச் செய்ங்க."

வேலை போய்விடுமென்று செய்தாள். அன்றைக்கே தன்மேல் ஒரு அருவருப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

மாரியில் நிலாவெளியில் இடி விழுந்தது. மின்சாரமும் இணைப்பும் சேர்ந்து போயின. காவலாளி சஞ்சீவன் ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்தான். "கரண்ட் இல்லை. மோட்டர்ச் சத்தமும் கேக்கேல்லை. கதவுப் பூட்டின்ர திறப்பு உங்களிட்டத்தானே இருக்கு."

ஹாஜியார் திரையில் நின்ற கடைசி எண்ணைப் பார்த்தார். "இஞ்ச நல்ல குளிர் காட்டுது. சும்மா பதறாதீங்க."

நான்காம் நாள் நாற்றம் வெளியே வந்ததும் சஞ்சீவன் ஸல்ஹாவை அழைத்தான். அவள் திறப்பை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஹாஜியாரும் பின்னால் வந்தார். கதவு திறந்ததும் கறுத்த நீர் வழிந்து அவளுடைய செருப்பை நனைத்தது. பாரை மீன்கள் வயிறு வெடித்துக் கிடந்தன, புழு நெளிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ஹாஜியார் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். "கழுவி உப்புப் போடுங்க. கருவாடாப் போகும்."

ஸல்ஹா வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்கட புள்ளைகளுக்கு இதைக் குடுப்பீங்களா?"

அவர் முன்னாலேயே அவள் சுகாதாரப் பரிசோதகரை அழைத்தாள். மீனெல்லாம் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கப்பட்டது. அவளும் வேலையை விட்டாள்.

இப்போது லிங்கநகரில் ஒரு தனியார் வகுப்பில், பல கணினிகள் சேர்ந்து இயங்கும் விதத்தைக் கற்பிக்கிறாள். பதில் தராத கணினியைப் பற்றிய பாடம் வரும் நாளில் மத்தியானச் சோறு அவளுக்கு இறங்குவதில்லை.